எண்பத்திரண்டாவது மாடி

பொட்டலத்தின் நூலை அவிழ்த்து, கொத்தமல்லி விதையை முறத்தில் கொட்டிவிட்டு, ரோஸி காகிதத்தை முழங்கால்மேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவளுடைய அப்பா இக்னேஷியஸ் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னா போட்ருக்கான்?"

ஒரு பக்கம் மணிலாக்கொட்டை விலை. மறுபக்கம் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம். பிப்ரவரி மாதத்துப் பத்திரிகை, இப்போது ஆகஸ்டு.

"அந்த ஊட்டப் பத்தி ஒண்ணும் இல்ல நைனா."

"அப்போ எத்தினி?"

"எம்பத்தி ரெண்டுதான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நெஞ்சுக்குள் மூச்சு ஏறி இறங்குவது மட்டும் எண்ணெய் காணாத கப்பி சுற்றுவதுபோல் கேட்டது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஓயாமல் கேட்கும் சத்தம் அது. முப்பத்தைந்து வருஷம் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாறையை உடைத்ததில் உள்ளே போன தூசி என்று பூந்தமல்லி டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வீடு என்று அவர்கள் சொன்னது அமெரிக்காவில், நியூயார்க் பட்டணத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம். நசரத்பேட்டையில் அதைப்பற்றிப் பேசிய வீடு இது ஒன்றுதான். அவர் படுக்கையில் விழுந்த முதல் மாதத்தில் ஒரு வெல்லப் பொட்டலத்தில் ஐம்பத்தேழு மாடிக் கட்டடம் ஒன்றின் படம் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு எடுக்கும் ரோஸி அதைப் படித்துக் காட்டினாள். எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி. அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, "நூத்தி முப்பத்தி ரெண்டு ஆளு" என்றார். கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஆழத்துக்கு அளவு ஆள்தான். ஒரு ஆள் என்றால் ஆறடி. அவர் வெட்டியதிலேயே ஆழமான கிணறு பத்து ஆள்.

அதிலிருந்து மளிகைக்கடை உலகநாதன் கடையில் வரும் காகிதம் எதையும் அடுப்பில் போடுவதில்லை. ஐம்பத்தேழை எழுபது மாடி தாண்டியது. எழுபதை எழுபத்தேழு மாடி தாண்டியது. ஒரே ஊரில், ஒரே வருஷத்தில். கிளீவ்லாண்ட் என்ற ஊரில் ஒன்று சரியாக நூற்றுப் பதினெட்டு ஆள் வந்தபோது, மிச்சம் இல்லாமல் வகுந்ததற்காக அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம் ஏற்பட்டது. கனடா தேசத்தில் முப்பத்துநாலு மாடியில் ஒன்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே அதுதான் உயரம் என்று போட்டிருந்தது. "நம்ம ராஜாவுக்கு அவ்ளோதானா?" என்று கேட்டுச் சிரித்து, சிரித்ததற்குப் பத்து நிமிஷம் இருமினார்.

கடைசியாக வந்ததுதான் அந்த வீடு. அது எல்லாவற்றையும் தாண்டப் போகிறது என்று முதல் துண்டிலேயே இருந்தது. வாரத்துக்கு நாலரை மாடி. ஆனால் கடைக்காரர் காகிதத்தை அடுக்கின் மேலிருந்தும் எடுப்பார், அடியிலிருந்தும் எடுப்பார். ஒரு வாரம் அறுபதாவது மாடி. அடுத்த வாரம் உளுத்தம்பருப்பில் நாற்பதாவது மாடி.

"இன்னாடி, எறக்கிட்டானுங்களா? அஸ்திவாரம் சரியில்லியா?" என்று அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தேதியைக் காட்டிப் புரியவைக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. பிறகு துண்டுகளைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் ஒரு பழைய நோட்டில் தேதி வரிசைப்படி ஒட்ட ஆரம்பித்தாள். நடுவில் வரவேண்டியவற்றுக்கு இடம் விட்டு ஒட்டினாள்.

பாஸ்காத் திருநாள் முடிந்த வாரம் கோயில் உபதேசியார் பார்க்க வந்தார். "இன்னா இக்னேஷியஸ், சாமியார வரச் சொல்லட்டுமா? அவஸ்தை எண்ணெ பூசிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருங்க உபதேசியாரே. அந்த ஊடு முடியட்டும். அவங்க கீழ எறங்கினதும் நானும் கெளம்பிடறேன்."

உபதேசியார் சிரித்தார். ரோஸியின் தம்பி தேவராஜும் சிரித்தான். ரோஸி சிரிக்கவில்லை. அப்பா விளையாட்டாகச் சொன்ன தேதிகளில் வேலை முடியாமல் போனதை அவள் பார்த்ததில்லை.

ஜூன் கடைசியில் கடுகுப் பொட்டலத்தில் அந்தத் துண்டு வந்தது. கட்டடம் மே மாதம் முதல் தேதி திறக்கப்பட்டது என்று அதில் இருந்தது. அவள் இரண்டு தரம் படித்தாள். நாலாக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். அன்று அவர் கேட்டபோது, எண்பத்திரண்டு என்றாள். அதற்கு முந்தைய துண்டில் அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து நாற்பது நாளாக அதே பதில். அவரும் இருந்தார்.

கொத்தமல்லியை வறுத்துக்கொண்டிருக்கும்போது நாகப்பன் வந்தார். முப்பது வருஷம் இக்னேஷியஸ் கிணற்றுக்குள் இறங்க, மேலே கயிறு பிடித்தவர். இப்போது தேவராஜுக்குப் பிடிக்கிறார். குத்தம்பாக்கத்தில் வேலை, கஞ்சி குடிக்கும் நேரத்தில் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"இன்னா மச்சான், உன் அமெரிக்காக்காரன் இன்னுமா கட்டிகினு கீறான்?"

"எம்பத்தி ரெண்டுல நின்னுபோச்சு நாகப்பா."

"மழையா இருக்கும்."

"பனி கொட்டும்போதே ஏத்தினவன்டா. வாரத்துக்கு நாலு மாடி ஏத்தினவன். நாப்பது நாளா ஒரு மாடி ஏத்தலன்னா இன்னா அர்த்தம்? நீயே சொல்லு."

நாகப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை.

ரோஸி கரண்டியை நிறுத்தினாள். பாரிவாக்கத்துக் கிணறு அவளுக்கும் தெரியும். அப்போது அவளுக்குப் பத்து வயசு. ஏழாவது ஆளில் பக்கச் சுவர் சரிந்தது. கீழே இருந்தவர் அப்பாவின் தம்பி சின்னப்பன். நாற்பது நாள் அங்கே யாரும் கடப்பாரையைத் தொடவில்லை. நாற்பத்தோராம் நாள் அப்பாதான் இறங்கினார். அந்தக் கிணற்றில் இப்போதும் தண்ணீர் இறைக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் நிலத்துக்காரர் பெயரும் வருஷமும் வெட்டிய கல் இருக்கிறது.

"உளுந்திருக்கானுங்க," என்றார் இக்னேஷியஸ். "ஒர்த்தன் ரெண்டு பேரு இல்ல. நெறைய. அதான் மத்தவன் ஏற மாட்டேங்கறான். ராத்திரியில கண்ண மூடினா அதான் தெரியுது. பாதியில நின்னுகினு, கீழ பாத்துகினு."

"வுடு மச்சான். எந்த ஊருக்காரனோ."

"ரோஸி."

"நைனா."

"சாயங்காலம் செபமால சொல்றப்ப, அவங்களுக்கும் ஒரு பத்து மணி சேத்துக்க. பேரு தெரியலன்னா பரவால்ல. மாதாவுக்குத் தெரியும்."

கொத்தமல்லி கருகும் வாசனை வந்தது. அவள் சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாதா சுரூபத்துக்குக் கீழே இருந்த செபப் புத்தகத்தை எடுத்தாள். மடித்த காகிதம் தானாகவே வந்தது.

"நைனா, யாரும் நிக்கல. முடிஞ்சிடுச்சி."

அவர் கண்ணைத் திறந்தார்.

அவள் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நூற்றிரண்டு மாடி. ஆயிரத்து இருநூற்று ஐம்பது அடி. உலகத்தில் மனுஷர் கட்டியதில் இதற்குமேல் உயரமானது இல்லை. படித்து முடித்தபின்னும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இக்னேஷியஸின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறிப் போயிற்று.

"இரநூத்தி எட்டு ஆளு. அதுக்கு மேல ரெண்டடி."

"உன் கெணற எத்தினிய ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கணும்?" என்றார் நாகப்பன்.

"பத்தாளு கெணறுன்னா இருவத்தி ஒண்ணு. கொஞ்சம் கொறையும்." பிறகு கேட்டார்: "தேதி இன்னா போட்டுக்குது?"

"மே மாசம் ஒண்ணாந் தேதி."

விரல் மறுபடியும் நகர்ந்தது. மே, ஜூன், ஜூலை. அவர் செபப் புத்தகத்தைப் பார்த்தார். காகிதத்தின் மடிப்புகளைப் பார்த்தார். மடிப்பு தேய்ந்து, நடுவில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது.

"அடிப்பாவி. நாப்பது நாளா அந்தப் பசங்கள காத்துல நிக்க வெச்சிட்டியே."

நாகப்பன் பெரிதாகச் சிரித்தார். ரோஸி சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு போயிற்று. அவர் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். எடுக்க வலு இல்லாமல் சிறிது நேரம் அது அங்கேயே இருந்தது.

"எவனாவது செத்தானா?"

"அது போடல நைனா."

"ம். போட மாட்டான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கீழ எத்தினி ஆளு தோண்டினாங்களாம்?"

அவள் காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"அதுவும் போடல."

"பாரு நாகப்பா. தோண்டாம அத்த எங்க நிறுத்துவானாம்?"

"நம்பள கேட்ருந்தா சொல்லியிருப்போம்," என்றார் நாகப்பன். வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். "சாயங்காலம் வரேன் மச்சான்."

"நாளைக்கு வா," என்றார் இக்னேஷியஸ்.

நாகப்பன் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

ரோஸி கருகாத விதைகளைப் பொறுக்கிக் கஷாயம் வைத்தாள். இரண்டு மடக்கு குடித்தார். போதும் என்று கையைக் காட்டினார்.

"அந்தத் துண்ட ஒட்டிடு. தேதி வரிசையில."

அவள் நோட்டை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்து விரலால் மசித்தாள். காகிதம் மடிப்புகளில் விட்டுப்போயிருந்ததால் நாலு துண்டாகப் பிரித்து, எழுத்து சேரும்படி பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டியிருந்தது. எண்பத்திரண்டுக்கு அடுத்து விட்டிருந்த இடம் சரியாக இருந்தது. ஓரங்களை நகத்தால் அழுத்தினாள். மேலே மே 1, 1931 என்று பென்சிலால் எழுதினாள்.

வெளியே கோழிகள் குப்பையைக் கிளறும் சத்தம் கேட்டது. பெங்களூர் ரோட்டில் ஒரு மாட்டுவண்டி போனது. அதன் அச்சு தேய்கிற சத்தம்கூட வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. இந்த வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு இரண்டு வருஷம் ஆயிற்று என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் இப்போது மட்டும் ஏன் கேட்கிறது என்று உறைத்தது. நோட்டு காய்வதற்காகத் திறந்தபடியே வைத்துவிட்டு, கட்டில் பக்கம் திரும்பினாள்.

துக்க மணி அடித்தபோது வெயில் இன்னும் இருந்தது. சாமியார் வந்து, உடம்பில் சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசினார். "நான் அப்பவே சொன்னேன்," என்று உபதேசியார் சொல்ல வாயெடுத்து, ரோஸியைப் பார்த்துவிட்டு, மெழுகுவர்த்தியைக் கொளுத்தப் போனார்.

குத்தம்பாக்கத்திலிருந்து தேவராஜும் நாகப்பனும் மண் ஒட்டிய காலோடு வந்தார்கள். தேவராஜ் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். நாகப்பன் அழவில்லை. பெட்டி செய்கிறவர் அளவு கேட்டபோது, ஆணியில் மாட்டியிருந்த முடிச்சுக் கயிற்றை எடுத்தார். கிணற்றில் ஆழம் பார்க்க, ஆளுக்கு ஒரு முடிச்சாகப் பத்து முடிச்சு போட்ட கயிறு. நுனியைக் குதிகாலில் வைத்துத் தலைவரை நீட்டினார். முதல் முடிச்சு தலையைத் தாண்டிக் கிடந்தது.

"ஒரு ஆளுக்கு நாலு வெரக்கட கம்மி," என்றார். "முப்பது வருசமா இத்த கவனிக்கல பாரு."

மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரை நாகப்பன் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார். அவரும் தேவராஜும் வெட்டினார்கள். பெட்டி வந்து சேர்ந்தபோதும் வேலை முடியவில்லை. சாமியார் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தார். ரோஸி குழியின் ஓரத்தில் நின்றாள். நாலு பக்கச் சுவரும் நூல் பிடித்ததுபோல் நேராக இறங்கின. மேலே செம்மண், பிறகு கரம்பை, அடியில் கறுத்த களிமண்.

நாகப்பன் கயிற்றை உள்ளே விட்டுப் பார்த்தார். ஆழம் போதவில்லை. தேவராஜ் இன்னும் ஒரு சாண் வெட்டினான். மறுபடியும் விட்டார். முதல் முடிச்சு விளிம்பில் வந்து நின்றது.

"எத்தினி மாமா?" என்று கேட்டாள் ரோஸி.

"ஒரு ஆளு கண்ணு. சரியா." அவர் குனிந்து, அடியிலிருந்து வந்த மண்ணை ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கினார். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிற்று: "ஈரம் நல்லா கீது. இன்னும் ரெண்டு ஆளு போனா ஊத்து கண்டுடும், மச்சா..."

அதோடு நிறுத்திக்கொண்டார். சாமியார் செபத்தைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து குளித்தபின், ரோஸி கயிற்றைச் சுருட்டி அதே ஆணியில் மாட்டினாள். நுனி கீழே தொங்கியது. முதல் முடிச்சுவரை களிமண் ஒட்டிக் கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே ஒன்பது முடிச்சும் வெளுத்துக் காய்ந்திருந்தன.