மலாக்கி சாமி கல்லறை மண்

பாதிரியார் மலாக்கி சாமி செத்து இருபது வருடமாகியும் அந்தப் பங்குக்கு அவர்தான் வைத்தியர். காய்ச்சல் என்றால் அவர் கல்லறையில் ஒரு கைப்பிடி மண்ணெடுத்து, துணியில் முடிந்து, தலையணைக்கு அடியில் வைப்பார்கள். நாலாம் நாளுக்குள் எடுத்த இடத்திலேயே மண்ணைப் போட்டு, அங்கே படுத்திருப்பவரின் பேரைச் சொல்லி மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல வேண்டும். தவறினால் காய்ச்சல் திரும்பி வரும்.

நுவாலாவின் ஆறு வயது மகள் ரோஷீனுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. மறுநாள் காலை பிள்ளை மோர் கேட்டுக் குடித்ததைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, மண்முடிச்சோடு கல்லறைக்கு ஓடினாள். அங்கே குழிவெட்டும் ஃபெலிம், சாமியின் பேர் வெட்டிய கல்லைப் பிடுங்கிக் கீழே போட்டிருந்தார்.

“என்னண்ணே இது, அநியாயமா!”

“போன மாசப் புயல்ல ரெண்டு கல்லு சாஞ்சுதில்ல? நிமித்துன பயலுக மாத்தி நட்டுட்டானுக. சாமி அடுத்த குழியில இருக்காரு. இது ஜப்தி பண்ற அமீனா ஸ்கான்லன் குழி.”

“விளையாடாதீங்கண்ணே. நான் இங்கதான் மண்ணெடுத்தேன்.”

“ரெண்டு குழியையும் வெட்டுனவன்கிட்டயே சொல்றியா? அமீனா பெட்டியத் தூக்க ஒரு ஈ காக்கா வரல. சாமிதான் தோள் குடுத்தாரு. தன்னையும் அவன் பக்கத்துலயே போடச் சொன்னாரு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எவனுக்கும் புரியல.”

நுவாலாவுக்கு ஏழு வயதிருக்கும்போது, வாடகை பாக்கிக்காகக் கொட்டும் மழையில் கூரையைப் பிரித்து அவர்களை வெளியே தள்ளியவன் ஸ்கான்லன். ஒரே வாரத்தில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். காறித் துப்பாமல் அவன் பேரை அவள் வீட்டில் எவரும் சொன்னதில்லை.

“அப்ப எம்புள்ளைய யாருண்ணே காப்பாத்துனா?”

“சாமி பக்கத்துலருந்து கைய நீட்டியிருப்பாரோ என்னவோ.”

“யாரு பேரச் சொல்றது?”

“என்னைய வம்புல மாட்டாத தாயி,” என்று ஃபெலிம் நகர்ந்துவிட்டார்.

சாமி பேரைச் சொல்லி, அது தப்பாகிக் காய்ச்சல் திரும்பினால்? அவன் பேரைச் சொன்னால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் மண்டியிட்டு, எடுத்த இடத்திலேயே மண்ணைக் கொட்டினாள். “ஹியூ ஸ்கான்லன் ஆத்துமாவுக்காக” என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபத்தை இரண்டு முறை சொல்லி முடித்தாள். மூன்றாவது வாயில் வரவில்லை.

“எங்கம்மாவக் காய்ச்சல்ல கொன்ன,” என்றாள் மண்ணைப் பார்த்து. “எம்புள்ளைக்கு மட்டும் ஏண்டா அத எறக்கி விட்ட?”

அழுதுகொண்டே மூன்றாவதையும் சொன்னாள்.