சாய்ந்த கைப்பிடி

கணிப்பொறி நாற்பத்திரண்டு பானை ஓடுகளை ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். எல்லாம் பானைக் கைப்பிடிகள். கைப்பிடியை ஈரப் பானையோடு ஒட்டவைக்கக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார்கள். சுட்ட பிறகு அந்த ரேகை அப்படியே நின்றுவிடும். அகழாய்வுக் குழியிலிருந்து வந்த ஒன்பதாயிரம் ஓடுகளை, விளக்கைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றி வைத்துப் படமெடுத்து ஏற்றுவதுதான் இரண்டு வருடமாக அவள் வேலை. ரேகைகளை ஒப்பிடுவது கணிப்பொறியின் பாடு. இதுவரை இரண்டு மூன்றைத்தான் அது ஜோடி சேர்த்திருந்தது. இப்போது நாற்பத்திரண்டும் ஒரே விரல் என்றது.

டப்பாவை மூடிவிட்டு, கிடைத்த ஆழத்தின்படி, அடியிலிருந்து மேலாக அவற்றை அடுக்கினாள். ஒரு சாண் மண்ணுக்குள் ஓர் ஆயுள் முழுவதும் அடங்கியிருந்தது. முதல் பதினேழில் ரேகைகள் வட்ட வட்டமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. பதினெட்டாவதில் குறுக்கே ஒரு கோடு. ஓட்டில் விழுந்த கீறல் என்று நினைத்தாள். பத்தொன்பதிலும் அதே இடத்தில் அதே கோடு. அதற்கப்புறம் எல்லாவற்றிலும். மூவாயிரம் வருடங்களுக்கு முன் யாருக்கோ விரல் வெட்டுப்பட்ட நாள், பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருந்தது.

வீட்டில் அவள் கணவனும் ஐந்து மாதமாகக் கட்டைவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லேத் பட்டறையில் நடந்த விபத்து. தையல் பிரித்தாயிற்று, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. ஆனால் யாரும் பார்க்காதபோது சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொள்கிறவனிடம் வேலைப் பேச்சை எடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பானை ஓடுகளைப் பற்றி மட்டும் சொன்னாள்.

“செத்துப்போனவன் கதை எனக்கெதுக்கு?” என்றான். மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். “சும்மா பாத்துட்டு வந்துடறேன். அவ்வளவுதான்.”

ஆய்வகத்தில் திரையை அவன் அதிகம் பார்க்கவில்லை. பானை ஓட்டையே கையில் கேட்டான். ஆய்வை நடத்தும் பேராசிரியை யோசித்துவிட்டு, பத்தொன்பதாவதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதில் விரல் பதிந்த குழியில் தன் கட்டைவிரலை மெல்லப் பொருத்தினான்.

“இது நேரா இல்லையே. சாஞ்சிருக்கு.”

“அது புதுப் பாணிங்க,” என்றார் பேராசிரியை. “இந்த ஆழத்துலேர்ந்து மேல எல்லாமே சாஞ்ச கைப்பிடிதான். வெளியிலேர்ந்து புது ஜனங்க வந்து குடியேறியிருக்காங்க. நான் கட்டுரையே எழுதியிருக்கேன்.”

“பாணியுமில்ல, ஒண்ணுமில்லீங்க. வலி.” அவன் மேசை விளிம்பில் கட்டைவிரலை நேராக வைத்து அழுத்தினான், முகம் சுருங்கியது. பிறகு மணிக்கட்டை லேசாகத் திருப்பி அழுத்தினான். முகம் மாறவில்லை. “இப்படித் திருப்பிக்கிட்டா தழும்பு மேல படாது. அதான் அவன் திருப்பிக்கிட்டான்.”

“அவளாவும் இருக்கலாம்,” என்றாள் மனைவி.

“யாரா இருந்தா என்ன, கெட்டிக்கார ஆளு.”

பேராசிரியை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “எட்டு வருஷமா ஒரு ஊரையே குடியேத்தி வெச்சிருந்தேனே!” என்றார். சிரிப்பு பாதியில் நின்றது. “கீழ பாருங்க. பதினெட்டுக்கு முன்னால ஒண்ணாவது சாஞ்சிருக்கா?”

அவள் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

“மேல?”

நாற்பத்திரண்டாவது ஓட்டைத் தாண்டி அவள் மேலே நகர்த்தினாள். அந்த விரல் அதோடு முடிந்துபோயிருந்தது. அடுத்து வந்தவை வேறு விரல்கள். தடித்தவை, ஒல்லியானவை, ஒன்று மிகச் சிறியது. எதிலும் தழும்பு இல்லை.

“இவங்களுக்குத்தான் காயமே இல்லையே, அப்புறம் ஏன் திருப்பியிருக்காங்க?” என்றான் கணவன், தணிந்த குரலில். “இன்னும் மேல போ.”

அவள் போனாள். நூறு வருடத்து மண், இருநூறு வருடத்து மண். திரையில் வரிசை வரிசையாகக் கட்டைவிரல்கள் ஏறிவந்தன, எல்லாம் முழுசாக, எல்லாம் அதே பக்கம் சற்றே திரும்பி.