அட்டை இல்லாத கெசட்

என் குசினியில் என்ன பாட்டு ஓடவேண்டும் என்பதைத் தோஹாவில் இருக்கும் என் புருஷன் தீர்மானிக்கிறார். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

ரமேஸ் அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் சுப்பவைசர். நானும் அவருடைய அம்மாவும் அம்பிட்டியவில் ஒரு மேட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முந்திய லீவில் வந்தபோது தேங்காய் மூடி அளவில் ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்து பிரிட்ஜின் மேல் வைத்தார். இணையத்தில் பாட்டுக் கேட்கிற செயலி ஒன்றுக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறார். உலகத்துப் பாட்டெல்லாம் அதில் கிடைக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. அதில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாட்டு ஓடும். நான் இங்கே ஒன்றைப் போட்டால் அது என்ன பாட்டு என்று அவருடைய போனில் தெரியும். அங்கிருந்தே அதை மாற்றலாம், நிறுத்தலாம், சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

காலையில் அவர் வேலைக்கு எழும்பும்போது எங்கள் பிரிட்ஜின் மேல் முருகன் பாட்டு ஆரம்பித்துவிடும். எழும்பிவிட்டேன் என்று எனக்குச் சொல்கிறாராம். பின்னேரம் நான் அச்சகத்து வேலை முடிந்து வந்து, வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒரு பாட்டில் மனதை விட்டிருப்பேன். சரணத்தின் பாதியில் அது நின்றுவிடும். அவர் வேனில் ஏறிவிட்டார், பாட்டு அவருடைய காதுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வெங்காயம் மட்டும் என்னிடம் மிச்சமிருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் கேட்கிற பாட்டை வைத்து அவர் என் மனதுக்கு ஜாதகம் பார்க்க ஆரம்பித்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சோகப் பாட்டாகவே தொடர்ந்து கேட்டுவிட்டேன். போன் வந்தது. கையெல்லாம் மாவு என்பதால் சத்தமாகப் பேசும்படி போட்டுவிட்டேன்.

"என்ன சுபா, மனசு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"அப்ப ஏன் அந்தப் பாட்டு? அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

அத்தை முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "நான் என்னத்தச் சொன்னேன் இவள? காலையிலருந்து வாயே தொறக்கலயே!" என்று எழுந்து போனவர் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நான் உஷாராகிவிட்டேன். மனம் எப்படி இருந்தாலும் துள்ளல் பாட்டுத்தான். மாதவிலக்கு வலியில் சுருண்டு படுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக் குத்துப்பாட்டுக் கேட்டவள் இந்தக் கண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவருக்கும் சந்தோஷம். "இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கே போல," என்று குறுஞ்செய்தி வரும்.

அவர் கெட்ட மனிதர் என்றால் கத்தித் தீர்த்திருப்பேன். கெட்டவர் இல்லை. அதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

என்னிடம் பாட்டு நாடாக்கள், பழைய கெசட்டுகள் இருந்தன. முதல் வேலைக்குப் போன காலத்தில் சேர்த்தவை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்டே மஹ்மூத் நானா ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் வெறும் கெசட்டில் பதிந்து, பெயர்களை அட்டையில் அழகாக எழுதித் தருவார். கடைசியில் நாடா கொஞ்சம் மிஞ்சினால் அதை வெறுமையாக விடமாட்டார். தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். அதன் பெயரை மட்டும் எழுதமாட்டார். "சல்லிக்குச் செஞ்சதத்தான் அட்டையில எழுதுற. இது சும்மா தந்தது," என்பார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அப்படிப்பட்ட பாட்டுகளாகவே ஒரு கெசட் நிறையப் பதிந்து தந்தார். முழுக்கச் சும்மா தந்தது என்பதால் அதற்கு அட்டையே இல்லை.

ரமேஸ் இந்த கெசட்டுகளைப் பற்றி என்ன செய்தார் தெரியுமா? வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு வந்து, வீடியோ அழைப்பில் ஒவ்வொரு அட்டையாகக் காட்டச் சொல்லி, எல்லாப் பாட்டையும் செயலியில் தேடிப்பிடித்து, "சுபாவின் பாட்டுகள்" என்று ஒன்றாகச் சேர்த்து வைத்தார். என் பிறந்தநாளுக்குப் பரிசு. அதைப் பார்த்து நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, இனி என் பாட்டுகளும் அவருடைய போனுக்குள் போய்விட்டனவே என்றுதான்.

"எல்லாம் இதுலயே இருக்கே சுபா, பெட்டி பெட்டியா அது என்னத்துக்கு? பூஞ்சணம் புடிச்சுக் கெடக்கு. குப்பை லொறிக்குக் குடுத்துரு," என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அம்பிட்டிய ஈரத்தில் அலுமாரிக்குள் வைத்த சேலையே மணக்கும். கெசட் பிளேயரும் பட்டி அறுந்து செத்துப்போயிருந்தது. எந்தப் பாட்டையும் நினைத்த நிமிடம் கேட்கலாம் என்ற வசதியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் ஒரு பாட்டுக் கேட்கவேண்டும், அதை நான் கேட்டது யாருக்கும் தெரியக்கூடாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "அப்படி என்னத்த ஒளிக்கிற?" என்று கேட்பார். என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை. இருந்திருந்தால் சொல்லிவிட்டாவது விடுபட்டிருப்பேன்.

குப்பை லொறிக்குக் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் வரவில்லை. "பாப்போம், பாப்போம்," என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு சனிக்கிழமை பிளேயரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். மஹ்மூத் நானா மௌத்தாகிச் சில வருஷமாகிறது. கடையை மகள் றிஸானா நடத்துகிறாள். இப்போது அங்கே போன் கவரும் சார்ஜரும்தான்.

"வாப்பாட சாமானெல்லாம் பின்னுக்குத்தான் ஈக்கி. ஒண்டையும் வீசயில்ல நான்," என்று உள்ளே போனவள் ஒரு ரப்பர் பட்டியோடு வந்தாள். அவளே மாட்டினாள். "ஏன் சுபா, போன்ல இல்லாத பாட்டா?"

"போன்ல எல்லாம் இருக்கு றிஸானா. போன்ல அவரும் இருக்காரே."

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் அத்தை கோயிலுக்குப் போனதும் பிளேயரைப் பின்னறையில் வைத்து, அட்டை இல்லாத கெசட்டைப் போட்டேன். முதலில் ஒரு கரகரப்பு. பிறகு மஹ்மூத் நானா இருமுவது எங்கோ தூரத்தில் கேட்டது. பிறகு பாட்டு. அந்தப் பாட்டின் பெயர் எனக்குத் தெரியாது, பாடியவர் யாரென்றும் தெரியாது. போனைக் கிட்டே பிடித்தால் அது பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதனாலேயே போனைக் கிட்டே கொண்டுபோகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், எனக்கே காரணம் தெரியாத அழுகை. ஏன் என்று கேட்க ஆளில்லாமல் அழுவது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டு முடிவதற்குள் போன் அடித்தது. "என்ன சுபா, லீவு நாள்ல இவ்வளவு நேரமாப் பாட்டே போடல? ஒடம்பு சரியில்லையா?"

அப்போதுதான் உறைத்தது. பாட்டுப் போட்டால் மட்டுமில்லை, போடாவிட்டாலும் அவருக்குத் தெரிகிறது.

சமைக்கிறேன், மறந்துட்டேன் என்று சமாளித்தேன். அடுத்த ஞாயிறு ஒரு தந்திரம் செய்தேன். பிரிட்ஜின் மேலிருந்த ஸ்பீக்கரில் "சுபாவின் பாட்டுகள்" போட்டு, சத்தத்தை ஒன்றுமில்லாமல் குறைத்துவிட்டு, பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கெசட்டைக் கேட்டேன். தோஹாவுக்கு அந்தப் பாட்டு, எனக்கு இந்தப் பாட்டு. பல ஞாயிறுகள் இப்படி ஓடின. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் பஸ்ஸில் தொங்கினேன்.

ஒரு ஞாயிறு, கெசட்டில் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது குசினியில் திடீரென்று மேளமும் நாதஸ்வரமும் வெடித்தன. தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வீட்டில் யாருமில்லை. பிரிட்ஜின் மேல் ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது. கூடவே போன்.

"சுபா, சத்தம் சைபர்ல கெடந்துச்சு. தெரியாமக் கை பட்டிருக்கும்போல. நான்தான் கூட்டிவிட்டேன். இப்ப கேக்குதா?"

"கேக்குது," என்றேன்.

பின்னறையில் கெசட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது போனில் அவருக்கும் கேட்டிருக்கிறது. "அது என்ன சத்தம், இன்னொரு பாட்டு?" என்றார்.

பின்னறைக்குப் பாய்ந்து கெசட்டை நிறுத்தினேன். திருடி மாட்டிக்கொண்டவள்போல ஏன் பாயவேண்டும்? என் கெசட், என் வீடு, என் காது. இருந்தும் பாய்ந்தேன். பிளேயரைத் திருத்தியதைச் சொன்னேன். கோபப்படப் போகிறார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருக்கலாம்.

"அட பைத்தியமே, இதச் சொல்லியிருக்கலாமே!" என்று சிரித்தார். "கெசட் சத்தந்தான் ஒனக்குப் புடிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. இரு, லீவுல வாறப்ப ஒரு வழி பண்றேன்."

லீவில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் எனக்கு முதலில் எடுத்துத் தந்தது கெசட்டில் இருப்பதை அப்படியே கணினிக்கு மாற்றுகிற ஒரு சின்னக் கருவி. உறவினர் வீடுகளுக்குக்கூடப் போகாமல் முன்னறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கெசட்டாக ஓடவிட்டார். நான் ஒவ்வொன்றாகப் பஞ்சால் துடைத்துக் கையில் கொடுத்தேன். அத்தை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ஒலகத்துல எந்தப் புருஷன் இப்புடிச் செய்வான்?" என்றார். எந்தப் புருஷனும் செய்யமாட்டான்தான்.

கடைசியில் கேட்டார். "எல்லாம் முடிஞ்சிச்சா? அன்னைக்கு ஓடுனது எது?"

அட்டை இல்லாததால் அந்த ஒன்று மட்டும் அவருடைய கணக்கில் வந்திருக்கவில்லை. முதல் நாளே நான் அதை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டிருந்தேன். ஒளிக்க எதுவும் இல்லாதவள் முதல் தடவையாக ஒன்றை ஒளித்தேன்.

"இதுல ஏதோ ஒண்ணுதான்," என்றேன்.

அவர் கிளம்புகிற அன்று பயணப்பெட்டியைப் பார்த்தேன். நான் சுட்ட முறுக்கையும் அத்தை இடித்த மிளகாய்த்தூளையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, என் கெசட்டுகளையும் பிளேயரையும் துவாயில் சுற்றி அடுக்கியிருந்தார்.

"இங்க ஈரத்துல நாசமாப் போயிரும். அங்க என் ரூம்ல எந்நேரமும் ஏசி. பத்திரமா இருக்கும்," என்றார். "ஒன் நெனப்பாவும் இருக்கும்ல."

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். "என்னங்க, எனக்கு நீங்க கேக்காத பாட்டு ஒண்ணு வேணும்."

"நான் கேக்காததா?" யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "சரி, பேரச் சொல்லு, தேடிப் போட்டு வைக்கிறேன்."

அவரை ஏற்றிப்போக வேன் வந்துவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை முருகன் பாட்டு வரவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பிரிட்ஜின் மேலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. என் கெசட்டின் கரகரப்பு. நாடா எந்த இடத்தில் இழுத்துத் தடுமாறுமோ அந்த இடத்தில் தடுமாறிக்கொண்டு, என் பாட்டு தோஹாவிலிருந்து வந்தது. அந்த கெசட்டின் கடைசியில், மிஞ்சிய நாடாவில் மஹ்மூத் நானா சும்மா தந்த பாட்டும் வந்தது. அதற்குப் பெயர்கூடக் கண்டுபிடித்துவிட்டாராம், குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அத்தை முன்னறையிலிருந்து, "நல்லாத்தான் இருக்கு, பழைய மாதிரியே," என்றார். களைந்த அரிசியையே இன்னொரு தடவை களைந்தேன். நல்லா இருக்குங்க என்று பதில் போட்டேன்.

றிஸானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னொரு பிளேயர் தேடித் தரவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது ஓடுகிற நேரம் பிரிட்ஜின் மேல் சத்தம் இருக்காது. சத்தம் இல்லாவிட்டால் போன் வரும்.

அரிசி வாளிக்குள் கிடந்ததை எடுத்துத் துடைத்து ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறேன், குடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில். பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது கையை உள்ளே விட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அதை அவரால் கேட்க முடியாது. என்னாலும் முடியாது. முதல் பாட்டு எப்படி ஆரம்பிக்கும் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதுதான் வரமாட்டேன் என்கிறது.