வட்டை வடிவமைக்கவா?

"நான் மாட்டினது மாட்டினபடியேதான் இருந்துச்சு அண்ணி, நீங்கதான் ஆட்டிட்டீங்க..."

"நான் ஆட்டினேனா? நீ செருகின லட்சணத்துக்கு அது அசையாம கெடக்கு, என்னைச் சொல்ல வந்துட்டா..."

"ஆட்டாம இருந்தா இந்நேரம் வந்திருக்கும்."

"வந்திருக்கும், பல்லக்குல ஏறி வந்திருக்கும்! என் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதே, சொல்லிட்டேன்."

"கம்ப்யூட்டரை யாரு சொன்னா? ஆட்டின கையைத்தானே சொன்னேன்."

துணி வெட்டுகிற மேசையின் இந்தப் பக்கம் டெய்லர், அந்தப் பக்கம் அவருடைய நாத்தனார். பாதி தைத்த மேல்சட்டை ஒன்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நாத்தனார் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை மேசையில் ஏற்றியிருந்தார்கள். பெட்டி தனியாகவும் திரை தனியாகவும் இருக்கும் பழைய மாடல். பெட்டியின் முன்பக்கத் துளையிலிருந்து ஒரு கேபிள் கிளம்பி, கத்தரிக்கோலைச் சுற்றிக்கொண்டு போய், சோப்புக்கட்டி அளவுள்ள ஒலிப்பதிவுக் கருவியில் முடிந்தது. கருவியின் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. உடனே மனசு மாறிவிட்டதுபோல 'டொங்' என்றது.

"பாத்தியா, வந்துச்சு!"

"போயிடுச்சு அண்ணி."

"வந்துச்சுல்ல?"

"வந்துட்டுப் போனதை எதுல சேக்கறது? விருந்தாளியா அது?"

மூன்றாவதாக ஒருவரும் அந்த அறையில் இருந்தார். டெய்லரின் கணவர், நாத்தனாரின் தம்பி. கையிலிருந்த சின்ன வெள்ளைப் பலகையில் 'பின்பக்கத் துளை' என்று எழுதி, பதாகை பிடிக்கிறவரைப்போல நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததால் பலகையைப் பார்க்க ஆளில்லை. அவர் மேசையைத் தட்டினார்.

"இருங்க, பேசிட்டிருக்கோம்ல" என்றார் டெய்லர், திரும்பாமலே.

கணவர் பேசியே பிழைத்தவர். கையடக்க மின்கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு வருகிற அழைப்புகளை எடுத்து, கருவி கம்ப்யூட்டரோடு சேர மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு வழி சொல்வது வேலை. 'கேபிளைக் கழட்டுங்க. மறுபடி மாட்டுங்க. விளக்கு எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க.' தூக்கத்தில்கூட இதைச் சொல்வார். ஹெல்ப்லைன் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது அக்காதான். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். இப்போது மூச்சு கழுத்திலிருக்கும் துளை வழியாகப் போய்வருகிறது. பேச்சு போனது போனதுதான்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் அந்தக் கருவியையும், ஒரு கட்டு வாக்கியங்களையும் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பதியச் சொன்னார். அந்தப் பதிவுகளைக் கொடுத்தால், இவர் தட்டச்சு செய்வதை இவர் குரலிலேயே போன் பேசும்படி செய்து தருவார்களாம். அனுப்பக் கடைசி நாள் இன்று. பதிவு கெட்டுப்போனால் இன்னொரு தடவை வாசிக்கலாம் என்பதற்கு வாசிக்கிற குரல் இல்லை.

அதுவரைக்கும் என்று போனில் ஓர் இரவல் குரல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று அவர் ஆசையாகத் தட்டினார். போன் சொன்னது: "டெய்லர். அம்மா. தண்ணீர். தேவை." ரயில் வருவதையும் போவதையும் அறிவிக்கிற குரல் அது. டெய்லர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"யாரோ ஒரு ஆளு என் வீட்டுல உக்காந்துட்டு என்னை அதிகாரம் பண்ற மாதிரி இருக்கு. இந்த ஆளு என்னை டெய்லரம்மான்னு கூப்பிட வேணாம். நீங்க கையைத் தட்டுங்க, போதும்."

அன்றிலிருந்து அவர் கையைத்தான் தட்டுகிறார். டெய்லரம்மா என்பது கல்யாணமான புதிதில் அவர் கிண்டலாக வைத்த பெயர். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் டெய்லரை அக்கா என்பார்கள், நாத்தனார் ஏம்மா என்பார். டெய்லரம்மா என்று கூப்பிடுகிறவர் ஒருவர்தான் இருந்தார்.

"ஊருக்கெல்லாம் 'நகல் எடுத்து வச்சீங்களா, நகல் எடுத்து வச்சீங்களா'ன்னு கேட்டவன்" என்று நாத்தனார் இப்போது தம்பியின் பக்கம் பாய்ந்தார், "உனக்குன்னு ஒரு நகல் எடுத்து வைக்கத் தெரியலையாடா?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற வரைக்கும் படிச்சிட்டிருந்தாரு அண்ணி. எங்க எடுக்கறது?"

"நீயாவது பக்கத்துல இருந்து எடுத்திருக்கலாம்ல?"

"எங்க இருந்து பக்கத்துல? கதவைச் சாத்திக்கிட்டுல்ல படிச்சாரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இங்க வான்னு கூப்பிட்டிருப்பாரா? முகம் தெரியாதவங்ககிட்ட எல்லாம் மணிக்கணக்கா பேசினவருக்கு, கடைசியா நாலு வார்த்தை பேசறப்போ நான் வேணாம். சுவரு போதும்."

"கூப்பிடாமயா இருந்திருப்பான்?"

"நீங்க வந்து பாத்தீங்களா? நான் இதோ, இந்த மிஷின்லதான் உக்காந்திருந்தேன்."

அவர் 'பின்பக்கத் துளை'யை அழித்துவிட்டுப் பலகையில் வேறொரு வார்த்தை எழுதினார். யாரும் பார்க்கவில்லை. கட்டை விரலால் அதையும் அழித்தார். ஆவி பிடிக்கிற நேரம் வந்திருந்தது. பலகையை மேசையில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார்.

"கோவமா போறான்."

"ஆவி பிடிக்கப் போறாரு."

"கோவமாதான் ஆவி பிடிக்கப் போறான்."

டெய்லர் கேபிளைப் பிடுங்கி, இந்தத் தடவை துணியில் பொத்தான்துளை பார்க்கிற கவனத்தோடு மெல்லச் செருகி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். 'டிங்.' இருவரும் 'டொங்'கை எதிர்பார்த்தார்கள். வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரையின் நடுவில் ஒரு கட்டம் முளைத்தது.

நாத்தனாரின் கம்ப்யூட்டரில் எல்லாமே தமிழ். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வுபெற்றவர். தமிழில் இல்லாத திரையை ஒரு திரையாகவே மதிக்க மாட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பழைய பழக்கத்தில் ஒற்றுக்கூட விடாமல் சத்தமாகப் படித்தார்.

"'இந்த வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் அதை வடிவமைக்க வேண்டும். வடிவமைக்க விரும்புகிறீர்களா?'"

"வட்டா? எந்த வட்டு?"

"உள்ள இருக்குற சில்லைச் சொல்றான். கீழ ரெண்டு பொத்தான் இருக்கு. 'வட்டை வடிவமை.' 'ரத்துசெய்.'"

"வடிவமைன்னா?"

"நீ டிசைன் பண்ற மாதிரிதான். எங்க பிரஸ்ல பக்கத்தை வடிவமைப்போம். எழுத்து கன்னாபின்னான்னு கெடக்கும், அதை எடுத்து, பத்தி பிரிச்சு, ஓரம் ஒழுங்கு பண்ணி, படிக்கிற மாதிரி ஆக்கறது."

"துணி மாதிரி. வெட்டி உருவம் கொடுத்தாதான் போட்டுக்க முடியும்."

"அதேதான். அவன் பதிஞ்சது உள்ள மூட்டையா கெடக்கு. இது அதை ஒழுங்குபடுத்தி வெளிய கொடுக்கும்போல."

"அப்ப ரத்துசெய்யக் கூடாது."

"கூடவே கூடாது."

டெய்லர் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து, எதிலும் இருவரும் ஒத்துப்போனது கிடையாது. சாமான் அடுக்குவதிலிருந்து ஜன்னல் திறப்பதுவரை இரண்டு கட்சி. இன்று ஒத்துப்போனார்கள். டெய்லர் கேபிளை அழுத்திப் பிடித்திருக்க, நாத்தனார் 'வட்டை வடிவமை' என்பதை அமுக்கினார். இன்னொரு கட்டம் வந்தது. அதன் அடியில் 'தொடங்கு' என்று இருந்தது.

உள்ளறையில் துண்டுக்குள் தலையை விட்டிருந்தவருக்கு நாத்தனார் படித்த வாக்கியம் பாதிதான் காதில் விழுந்தது. ஆவி இரைச்சலில் அது வடிவமைப்பா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அவரை நிமிரவைத்தது வேறு. வெளியே சண்டைச் சத்தம் நின்றிருந்தது. சண்டை நிற்கக் காரணம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. துண்டை எடுத்தார்.

"தொடங்கிடலாமா?"

"தொடங்குங்க அண்ணி. வடிவமைச்சுட்டா சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடலாம்."

அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. அடுத்து வரப்போகிற எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள், சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போவார்கள் என்பது அவர் தொழிலில் கண்டது. எத்தனை பேருக்குப் போனில் 'வேணாம், வேணாம், கையை எடுங்க' என்று கத்தியிருப்பார். இப்போதும் வாய் அதைத்தான் சொன்னது. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது. கையைத் தட்டினார்.

"வர்றேன் இருங்க, ஒரு நிமிஷம்" என்றார் டெய்லர்.

சுட்டி 'தொடங்கு' மேல் நின்றது. மேசைக்கும் அவருக்கும் நடுவே துணிமூட்டைகள். கைக்கெட்டுகிற தூரத்தில், கதவுக்குப் பக்கத்தில், மெயின் சுவிட்ச். இழுத்துவிட்டார்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. திரை கறுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கென்ன பைத்தியமாடா? நல்லா வேலை நடந்துட்டிருக்கும்போது..."

"ஆவி பாத்திரத்தைத் தட்டிவிட்டுட்டீங்களா? கால்ல கொட்டிக்கிட்டீங்களா?"

அவர் பலகையை எடுத்து எழுதினார். இந்தத் தடவை இருவரும் வரி முடிகிற வரைக்கும் காத்திருந்து படித்தார்கள். 'வடிவமைத்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும்.'

நாத்தனார் திரும்பவும் படித்தார், இந்தத் தடவை வாய்க்குள்.

"அழிக்கறதுக்கு அழின்னு போட வேண்டியதுதானே?" என்றார் டெய்லர். "வடிவமைன்னா நான் என்னன்னு நெனைப்பேன்?"

"இது பிழை. சுத்தப் பிழை. எவன்டா இந்தப் புரூஃபைப் பாத்தான்? என் கையில கெடைச்சிருந்தா இந்த வார்த்தை அச்சுக்கே போயிருக்காது." நாத்தனார் சுட்டியின் மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "போயிடுச்சாடா?" என்றார்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். கருவியைக் கழற்றி ஜன்னலருகே கொண்டுபோய் அதன் துளைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பல் குத்துகிற மரக்குச்சி ஒன்றை எடுத்து, உள்ளே விட்டு நெம்பினார். நூல்பிசிர் வந்தது. நீலம், மஞ்சள், ஒரு துணுக்கு சிவப்பு. எல்லாம் சேர்ந்து பஞ்சு மாதிரி அமுங்கிப் போயிருந்தது. இன்னும் நெம்பினார், இன்னும் வந்தது.

"இது எங்க இருந்துச்சு இத்தனை நாளா?" என்றார் நாத்தனார்.

"என் ஊசிநூல் டப்பாவுல."

"அதுல ஏன் போட்ட?"

"நான் தினமும் தொடற டப்பா அது ஒண்ணுதான். கண் முன்னாடி பத்திரமா இருக்கட்டும்னு போட்டேன்."

"பத்திரமாதான் வச்சிருக்க. மெத்தை தச்சுல்ல வச்சிருக்க."

"நீங்க மட்டும்? தொடங்கிடலாமான்னு கேட்டது யாரு?"

"தொடங்குங்கன்னு சொன்னது யாரு?"

அவர் பலகையால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். அதிசயமாக இருவரும் நிறுத்தினார்கள். சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் ஆற அமர விழித்துக்கொண்டது. கேபிளைப் பெட்டியின் பின்பக்கத் துளையில் மாட்டினார். 'டிங்.' 'டொங்' வரவில்லை. கட்டமும் வரவில்லை. திரையில் கோப்புகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அவர் சுட்டியைத் தன் கைக்கு வாங்கி, முதல் வேலையாக எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்தார். அது முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுப் பாத்துடலாம். வெறும் காத்தா பதிஞ்சிருந்தா?" என்றார் நாத்தனார்.

கருவியில் ஒலிபெருக்கி கிடையாது, இயர்போனைக் காதில் செருகித்தான் கேட்க வேண்டும். அதை ஒருநாளும் டெய்லர் காதில் வைத்ததில்லை. இப்போதும் ஒதுக்கி வைத்த மேல்சட்டையை எடுத்து, கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

"அனுப்பிடுங்க அண்ணி. அப்புறம் கேட்டுக்கலாம். எப்படியும் அவங்க கொடுத்த வாக்கியம்தானே? 'இன்று வானம் தெளிவாக உள்ளது.' எனக்கா சொன்னாரு?"

கணவர் சுட்டியை எடுக்கக் கை நீட்டினார். அக்கா முந்திக்கொண்டு முதல் கோப்பை அமுக்கிவிட்டார்.

கம்ப்யூட்டரிலிருந்து கடகடவென்று ஓர் இரைச்சல் வந்தது.

"என்னடா இது, மழையா?"

"என் மிஷின்" என்றார் டெய்லர். சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கதவு திறந்திருந்திருக்கு."

இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் யாரோ செருமினார்கள். நாற்காலி நகர்ந்தது. பிறகு அறைக்கு வெளியே கேட்கட்டும் என்று உயர்த்திய குரல்:

"டெய்லரம்மா!"

மிஷின் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அது மட்டும் கேட்டது. டெய்லர் கையிலிருந்த சட்டையை மேசையில் வைத்தார்.

"டெய்லரம்மா... இங்க கொஞ்சம் வாயேன். விளக்கு எரியுதான்னு பாத்துச் சொல்லு."