தரம் பிரித்த நாட்கள்

போடியில் புதூர்ப் பக்கம் பால்சாமி வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு நாட்கள் நல்ல நாட்களாகவே தொடர்ந்து வந்தன. அதன்பின் நூற்று முப்பத்தொரு சுமாரான நாட்கள். அதன்பின் ஐம்பத்தொன்பது நாட்கள் புருசனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசாத நாட்கள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் சண்டை நாட்கள். இடையில் ஒன்றுகூட வரிசை மாறவில்லை. ஒட்டுச் சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் நஜ்லா வீட்டில் அதே மாதங்களில் நல்லதும் கெட்டதும் ஊருக்கெல்லாம் வருகிற மாதிரி கலந்துதான் வந்தது. செய்வினை என்று சொன்னவர்கள் உண்டு, வீட்டு வாசலின் திசை சரியில்லை என்றவர்களும் உண்டு. செய்வினையும் இல்லை, திசையும் இல்லை. மூன்று பெண்கள் நல்ல மனசோடு செய்த உதவி, அவ்வளவுதான். நல்ல மனசோடு செய்ததால் யாரையும் வாயாரத் திட்டக்கூட வழியில்லாமல் போனதுதான் இதிலுள்ள எரிச்சல்.

பால்சாமி ஜீப் ஓட்டுகிறவர். காலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினால் சாயங்காலம் இறங்குவார். அவர் பெண்டாட்டி மகாராணி, ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள். பெரிசு, சின்னது, பச்சை, வெளுப்பு, வெடிப்பு என்று மலைமலையாகக் குவிந்த காயைக் கையால் தரம் பிரிக்கிற வேலை. மகள் சிவரஞ்சனி நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பால்சாமி வீட்டுக்கு வந்ததும் மகாராணி ‘இன்னிக்கி என்ன நடந்துச்சு’ என்று கேட்பாள். ‘என்னத்த நடக்கும்? நேத்து மாதிரித்தான் இன்னிக்கி’ என்பார் அவர். உனக்கு என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டதே கிடையாது. இருபத்தாறு வருசமாக இதே கேள்வி, இதே பதில். அவர் குடிக்கிறவரில்லை, கைநீட்டுகிறவரில்லை, ஊரில் நல்ல பேர். அதனால் இந்தக் குறையை அவள் யாரிடம் சொன்னாலும் ‘இதெல்லாம் ஒரு கொறையாடி’ என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து கார்முகில் என்று ஓர் ஓவியக்காரப் பெண் வந்து மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி நடத்தினாள். டீயும் வடையும் உண்டு என்று கேள்விப்பட்டு ஸ்டோர்ப் பெண்கள் போனார்கள். கார்முகில் தான் ஒரு வருசம் தூங்கிய நேரத்தையெல்லாம் எண்ணி அதை ஒரு போர்வையாக நெய்து வைத்திருந்தாள். தூங்கிய மணிக்கு வெள்ளை நூல், விழித்திருந்த மணிக்குக் கறுப்பு நூல். அவளுடைய அம்மா போனில் ‘சாப்ட்டியா’ என்று கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளியாக ஒரு பானை முழுக்க வரைந்து வைத்திருந்தாள். “உங்க நாள எண்ணுங்கக்கா. எண்ணுனத அடுத்தவங்க கண்ணுக்குத் தெரியிற மாதிரி செய்ங்க. அதுதான் படம்” என்றாள். ஸ்டோரில் மூத்தவளான சுருளியம்மாள், ‘சோலியத்தவ செய்ற வேல’ என்று முணுமுணுத்துவிட்டு இன்னும் ரெண்டு வடை எடுத்துக்கொண்டாள். மகாராணி மட்டும் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டோரில் ஒவ்வொருத்தியும் தினம் டீயில் போட ஒரு காய் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி அனுமதித்திருந்தார். மறுநாளிலிருந்து மகாராணி ஏலக்காய் இல்லாத டீ குடித்தாள். அந்த ஒரு காயைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து நூலில் கோத்தாள். ஒரு நாளுக்கு ஒரு காய், ஒரு மாதத்துக்கு ஒரு சரம். மனசு நிறைந்த நாளுக்குப் பெரிய பச்சைக் காய். வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போன நாளுக்குச் சின்னக் காய். பேச்சில்லாத நாளுக்கு வெளுத்த காய். சண்டை போட்ட நாளுக்கு வெடிப்பு. பன்னிரண்டு சரமும் உள்வாசல் நிலையில் திரை மாதிரி தொங்கின. தேதி எழுதி வையுங்கள் என்று கார்முகில் போனில் சொன்னாள். ‘எல்லாம் வரிசையிலதானம்மா இருக்கு, எழுத என்ன இருக்கு’ என்றுவிட்டாள் இவள். பச்சைக்குப் பக்கத்தில் வெடிப்பு, வெடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு வெளுப்பு, மறுபடி ஒரு பச்சை என்று அந்தத் திரையில் ஒரு விரற்கடை இடம்கூட இன்னொரு இடம் மாதிரி இருக்காது. ஒருநாள்போல ஒருநாள் இருந்ததில்லை என்று அந்த மனுசனுக்குக் காட்டத்தான் இத்தனையும். அந்த மனுசனோ ஒரு வருசம் அதற்குள் குனிந்து குனிந்து போய்வந்தார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். “கொசுவுக்கா?”

மதுரையில் கண்காட்சி என்றும், திரையை எடுத்துப்போக வேனோடு வருகிறேன் என்றும் கார்முகில் சொன்னபோது மகாராணி புருசனைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அங்கே வந்து நின்று, ஒவ்வொரு காயாக அவள் சொல்லச் சொல்லக் கேட்க வேண்டும் என்றாள். “சரி, வர்றேன். ஜீப்ப நிப்பாட்டிட்டு வர்றேன், போதுமா” என்றார் பால்சாமி. ஒரு நாள் முழுசும் தன்னைக் கேட்க ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேன் வருவதற்கு முந்தின நாள் குரங்கணியில் தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது. வீட்டுச் சாவியைச் சுருளியம்மாளிடம் கொடுத்து, காயெல்லாம் தூசியாக இருக்கிறது, கொஞ்சம் துடைத்து வையக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கேதான் எல்லாம் பாழாய்ப் போனது.

சுருளியம்மாளும், அதே ஸ்டோரில் காய் பொறுக்கும் சபியாவும் பக்கத்து வீட்டு நஜ்லாவும் காலையில் வந்தார்கள். சரத்தோடு துடைக்க வரவில்லை என்று காயை உருவி முறத்தில் கொட்டினார்கள். முப்பது வருசம் காய் பொறுக்கிய கைக்கு முன்னால் ஒரு முறம் கலந்த காயைக் கொட்டினால் அது என்ன செய்யும்? பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, கை ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. டீக் குடிக்க நிமிர்ந்தபோது முறத்தில் நாலு குவியல் இருந்தன. அப்போதும் அவர்களுக்கு உறைக்கவில்லை. சபையில் வைக்கிற பொருளாயிற்றே என்று பெரிய பச்சையெல்லாம் முன்னால், அப்புறம் சின்னது, அப்புறம் வெளுப்பு, வெடிப்பெல்லாம் கண்ணில் படாதபடி கடைசியில் என்று பாந்தமாகக் கோத்து மாட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் சாவியோடு வந்த சுருளியம்மாளை மகாராணி திரைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள். “ஏன்டி ஆத்தா, வெடிப்பும் வெளுப்புமா கலந்து கெடந்தா பாக்குறவன் நம்ம ஸ்டோரு பொம்பளைகளப் பத்தி என்ன நெனப்பான்?” என்றாள் சுருளியம்மாள். அவள் முகத்தில் அத்தனை பெருமை. அந்த முகத்தைப் பார்த்து என்னவென்று திட்டுவது?

மறுநாள் வந்த கார்முகில் இன்னும் மோசம். கரும்பச்சையில் தொடங்கி வெளுத்துக்கொண்டே போகிற திரையைப் பார்த்துக் கைதட்டினாள். “அக்கா, இது முன்ன விட நல்லாருக்கே!” என்று போட்டோவாக எடுத்துத் தள்ளினாள். மகாராணி நிலைவாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். “இது ஏலத்துக்குப் போற காயிம்மா. என் நாளு இல்ல. இதக் காட்டி நான் அவருகிட்ட என்னத்தச் சொல்ல?” வேன் வெறும் வேனாகத் திரும்பியது. பால்சாமி, அன்றைக்கு லீவு போட வேண்டியதில்லை என்று தெரிந்ததும் வெரசாக ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் நாட்கள் தரம் பிரித்து வரத் தொடங்கின. முதலில் முதல் தரம். குழாயில் தினமும் தண்ணீர் வந்தது. பால்சாமியின் ஜீப் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. சிவரஞ்சனி தினமும் போன் செய்தாள். பூரியெல்லாம் உப்பியது. தெருவில் பெண் பார்க்க வருகிறவர்களை மகாராணி வீட்டில் உட்கார வைத்தார்கள், பேச்சு பழமாக முடிந்தது. அவளுக்கோ ஆத்திரம் தீரவில்லை. கத்த வேண்டும், அந்த ஆளை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். வாயைத் திறந்தால் ‘சாப்பிட வாய்யா’ என்றுதான் வந்தது. சண்டைக்குரிய நாட்கள் எல்லாம் கடைசிச் சரத்தில் இருந்தன. நல்ல நாளில் தலைகீழாக நின்றாலும் சண்டை வராது. இதில் பால்சாமி ஒருநாள் வாயெல்லாம் பல்லாக, “நான்தான் சொன்னேன்ல? ஒருநாளப்போல ஒருநாளு” என்றார். அவள் சிரித்தாள். வேறென்ன செய்ய, அன்றைக்கும் முதல் தரம்.

சும்மா கலந்து கோத்துவிடலாமே என்று நஜ்லா சொன்னாள். இஷ்டத்துக்குக் கலந்தால் அது பொய் என்றாள் மகாராணி. ஆனாலும் சுமாரான நாட்கள் பாதி போனபோது பொறுக்க முடியாமல் சரி என்றாள். மூன்று பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கலந்தார்கள். மத்தியானத்துக்குள் மறுபடி நாலு குவியல். யா அல்லா, என் கை என் பேச்சைக் கேட்கவில்லையே என்று சபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுருளியம்மாள் மட்டும், சரக்கு இருக்கிற வரிசையில்தான் இறங்கும், அடுத்தது வெளுப்பு, தயாராக இருந்துகொள் என்றாள். வெளுப்பும் வந்தது. ஐம்பத்தொன்பது நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு வெடிப்பு. முதல் வாரம் இருவரும் உற்சாகமாகத்தான் சண்டை போட்டார்கள். தேக்கி வைத்தது நிறைய இருந்தது. இரண்டாவது வாரம் அவர் அண்ணன், அவள் அம்மா, கல்யாணத்தில் போட்ட பந்தி வரைக்கும் போயிற்று. மூன்றாவது வாரம் சண்டைக்குப் பொருளே இல்லை, ஆனால் நாள் விடவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலையில் உப்பு ஜாடியை யார் திறந்து வைத்தது என்று தொடங்கியது. அதில்தான் அவள் வெடித்தாள். “ஒரு வருசம்! ஒரு வருசம் அதுக்குள்ள பூந்து போனியே, ஒருதடவ நிமிந்து இது என்னான்னு கேட்டியாய்யா? ஒரு நாளு மாதிரியா இருந்துச்சு என் நாளு?” பால்சாமிக்கும் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கடைசிச் சரத்தைப் பிடித்து இழுத்தார். நூல் அறுந்து காய் உருண்டது. ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஒவ்வொரு நாளும் வேற வேறன்னு சொல்றேல்ல? இது எந்த நாளு? சொல்லு பாப்போம்.”

மகாராணி வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். எந்தச் சரிவில் விளைந்த காய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எந்த நாள் என்று தெரியவில்லை. ஒரு சண்டைக்கும் இன்னொரு சண்டைக்கும் வித்தியாசம் அவளுக்கே தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, “தெரியல” என்றாள். பால்சாமி எதற்கும் தயாராக இருந்தார், அந்த ஒரு வார்த்தைக்குத் தயாராக இல்லை. அவரும் உட்கார்ந்தார். காயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “பதினோராவது வளைவுல ரேடியேட்டர் கொதிச்ச அன்னிக்கா இருக்குமோ? நீ கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்த. நான் திங்காமப் படுத்துட்டேன். நீ சட்டியோட கொண்டுபோய்க் கொல்லையில ஊத்துன.”

“இதெல்லாம் ஒனக்கு எப்பிடித் தெரியும்? நேத்து மாதிரித்தான் இன்னிக்கின்னு சொன்ன ஆளு நீ.”

“கேட்டா அப்பிடித்தான் சொல்லுவேன். அதுக்காக மறந்துருவனா?”

இதைக் கேட்டதும் அவளுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, இருபத்திரண்டு நாள் சண்டையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதில் பாதி வராது. எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு இருபத்தாறு வருசம் வாயைத் திறக்காத மனுசனை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. முறத்தை இழுத்து நடுவில் வைத்து, “சொல்லு. ஒன்னு விடாம இப்பச் சொல்லு” என்றாள்.

ஒன்பது நாள் ஜீப் வாசலிலேயே நின்றது. எல்லாச் சரத்தையும் உருவி, முந்நூற்று அறுபத்துநாலு காயை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே கோத்தார்கள். அவருக்கு ஜீப் பழுதான நாட்களெல்லாம் நினைவிருந்தன. அவளுக்குச் சமைத்ததெல்லாம் நினைவிருந்தது. அவர் நல்ல நாள் என்றதை அவள் இல்லவே இல்லை என்றாள். அவள் அழுத நாளில் அவரும் மலைமேல் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய வரிசை திரும்பவில்லை. இது வேறு வரிசை. பத்தாம் நாள் காலை தண்ணீர் வரவில்லை, மத்தியானம் சிவரஞ்சனி போன் செய்தாள், சாயங்காலம் ஒரு சின்ன வாக்குவாதம். நாள் பழையபடி கலந்துவிட்டது என்று தெரு நிம்மதி அடைந்தது. கார்முகில் போன் செய்து இப்போதாவது தருகிறீர்களா என்று கேட்டதற்கு, ஒரு காய் இன்னும் பாக்கி இருக்கிறது என்றாள் மகாராணி.

அது சிவரஞ்சனி வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறின வியாழக்கிழமை. பெரிய காய், நல்ல பச்சை, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. பிள்ளை சம்பாதிக்கப் போன நாள், முதல் தரம் என்றார் பால்சாமி. பிள்ளை கையசைத்தபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினாயே, அது வெடிப்பு என்றாள் மகாராணி. “திரும்பிப் பாத்திருந்தா எறக்கி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருப்பேன்டி” என்றார் அவர். ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. காய் கோக்கப்படாமல் அலமாரியில் ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது.

அதனால் அந்த வீட்டுக்கு ஒரு நாள் குறைவு. கணக்குப்படி வருசத்துக்கு ஒன்றுதான் குறைய வேண்டும், மாதத்துக்கு ஒன்று குறைகிறது. ஏன் என்று நம்மைக் கேட்டுப் புண்ணியமில்லை. மாதத்தில் ஒரு புதன்கிழமை படுக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை எழுகிறார்கள். பால்காரர் முத்துக்கண்ணன் அந்த வியாழன்களில் கதவைத் தட்டுவதில்லை. எஸ்டேட் ஆட்கள் வேறு ஜீப்பில் ஏறிக்கொள்கிறார்கள். ஸ்டோரில் மகாராணியின் முறத்தைச் சபியா எடுத்துப் பொறுக்குகிறாள். வருகைப் பதிவேட்டில் முதலில் லீவு என்று எழுதினார்கள். அது சரியில்லை என்று சுருளியம்மாள் சண்டை போட்டதில், இப்போது அவள் பெயருக்கு நேரே ‘நாள் இல்லை’ என்று எழுதிக்கொள்கிறார்கள்.