ஆரிபாவுக்குப் புரியாத பதிவு

தமிழில் எழுதத்தானே உட்கார்ந்தேன், எந்த இடத்தில் வீட்டுப் பேச்சுக்குள் நழுவினேன்? ஹம்சவேணிக்கே தெரியவில்லை. வலைப்பதிவுத் தளத்தில் அவளைச் சேர்த்துவிட்ட பக்கத்து வீட்டு ஆரிபா, போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"எழுத்து தமிழு, பாஷை சௌராஷ்டிரா! ஒரு வரிகூடப் புரியலடி. ஆனாலும் ஓட்டுப் போட்டுட்டேன்."

பதிவு போட்ட ஏழு நாளுக்குள் வாசகர்கள் போடும் ஓட்டுக்குத்தான் அந்தத் தளம் சன்மானம் தரும். ஐந்து நாளாகியும் விழுந்தது அந்த ஒன்றுதான்.

"தமிழ்ல மாத்திப் போடுடி. அம்புட்டுப் பேரும் ஓட்டுப் போடுவாங்க."

ஹம்சவேணி மனதுக்குள் மாற்றிப் பார்த்தாள். கணவர் விஜய்ஆனந்தைச் செல்லமாகக் கிண்டல் செய்த வரிகள் தமிழில் புகார் போல ஒலித்தன. அவர் அப்படிப்பட்டவர் இல்லையே.

"இது இப்படியே இருக்கட்டும்டி" என்றாள் மெதுவாக.