தங்கை வீடு தவிர

கனடாவிலிருந்து விடுமுறைக்கு இலண்டன் வந்து இறங்கிய நாள் முதல், தம்முடைய பயண முறையைப் பற்றிக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் கமலநாதன் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எல்லாத்தையும் கலக்கவேணும். ஒரே மாதிரிச் சுத்தினால் அது பயணமில்லை, பழக்கம்."

சொன்னபடியே நடந்தார். முதல் இரண்டு இரவுகள் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஐந்து நட்சத்திர ஹோட்டல். அங்கே தலையணைகளைக்கூட வகை பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அதன்பின் பாடிங்டன் பக்கத்தில், முதுகுப்பையோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் மலிவு விடுதி. எட்டுப் பேருக்கு ஓர் அறை, ஒரு குளியலறை, அடுக்குக் கட்டில்கள். ஒரு நாள் கறுப்பு டாக்ஸியில் காலை நீட்டிப் போனார். மறுநாள் சிவப்புப் பஸ்ஸின் மேல்தட்டில் முன்னிருக்கைக்கு ஓடினார். ஒரு மாலை வெள்ளை விரிப்பிட்ட மேசையில் கத்தியும் முள்ளும் பிடித்து உண்டவர், மறு மாலை பூங்காவின் வாங்குப் பலகையில் அமர்ந்து, கடதாசிப் பொட்டலத்திலிருந்த மீனையும் சிப்ஸையும் விரலால் உண்டு விரலையும் நக்கினார். பாசாங்கில்லை, அறுபதை நெருங்கும் அந்த மனிதர் உண்மையாகவே மகிழ்ந்திருந்தார்.

"கீழ்க்கட்டிலை எனக்குத் தந்தீங்களே," என்றார் மனைவி செல்வமலர். "கலியாணம் கட்டின நாள் தொட்டு நீங்கள் செய்த பெரிய தியாகம் அதுதான்."

ஆனால், எல்லாம் கலந்த அந்தப் பயணத்தில் ஒன்று மட்டும் கலக்கவில்லை. பாடிங்டனில் ரயிலேறினால் இடையில் மாறாமலே மனோர் பார்க்கில் இறங்கலாம். அங்கேதான் அவருடைய ஒரே தங்கை வான்மதியின் வீடு இருந்தது. அண்ணன் வருகிறார் என்று அறிந்த நாளே அறையை ஒழுங்குபடுத்தி, புதுப் படுக்கைவிரிப்பு விரித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"ஒரு இரவெண்டாலும் வந்து நில்லுங்கோ அண்ணை."

"கடைசி நாள் வரைக்கும் ஹோட்டல் புக் பண்ணியாச்சு பிள்ளை. இனி மாத்த ஏலாது," என்று அவர் பொய் சொன்னார்.

வான்மதியின் கணவர் கணேசலிங்கம் கணித ஆசிரியர். பண்பிலோ படிப்பிலோ உழைப்பிலோ அவரிடம் ஒரு குறையைக் கமலநாதனால் காட்ட முடியாது. ஆனால் அவருடைய பாட்டனாருக்குக் கமலநாதனின் பாட்டனாரது முற்றத்தில் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சிரட்டை அழிந்தது. அந்த முற்றம் குண்டு விழுந்து குழியானது. ஊற்றியவரும் குடித்தவரும் ஒரே மண்ணுக்குள் போனார்கள். போரிலே காணியை இழந்து, காணியின் உறுதிப் பத்திரத்தை இழந்து, உடுத்த துணியோடு கடல் கடந்த அந்தக் குடும்பம், சாதியை மட்டும் ஒரு கீறலும் விழாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தது. பதிவுத் திருமணம் முடிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியும் கமலநாதன் தங்கை வீட்டில் கை நனைத்ததில்லை. நேரமில்லை என்பார், உடம்பு சரியில்லை என்பார். உண்மைக் காரணத்தை ஒருபோதும் சொல்லமாட்டார். அதைச் சொல்ல வெட்கப்பட்டார். கைவிடத்தான் மனம் வரவில்லை.

விடுதியின் பொதுச் சமையலறையில் மார்கோ என்ற இத்தாலியர் பழக்கமானார். சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். பெரிய சட்டியில் அவரை விதையும் தக்காளியும் வேகவைத்து, வருகிறவர் எவராயினும் கரண்டியை நீட்டுவார். கமலநாதனும் அந்தச் சட்டியிலேயே கரண்டி விட்டு உண்டார். செல்வமலர் அதைப் படமெடுத்தார். அன்றிரவே அது உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது.

"படத்தை ஏன் குரூப்பில போட்டனீர்?" என்று கேட்டார் கமலநாதன்.

"நல்லா வந்திருக்கு. வாயெல்லாம் பல்லாய் நிக்கிறியள்."

"வான்மதியும் அதுக்குள்ள இருக்கிறாள்."

"ஓம். அது தெரிஞ்சுதானே விடுதிப் பேரையும் சேர்த்துப் போட்டனான்," என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார் செல்வமலர்.

மறுநாள் மாலை, மார்கோவின் சட்டியைச் சுற்றி மீண்டும் அமர்ந்திருந்தபோது சமையலறை வாசலில் வான்மதி வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுப் பை. கமலநாதன் கரண்டியோடு எழுந்தார்.

"வா பிள்ளை. அங்க ஹோட்டலில தண்ணிக் குழாய் வெடிச்சு, எங்கள இஞ்ச மாத்தி விட்டிட்டாங்கள்."

வான்மதி செல்வமலரைப் பார்த்தாள். "குழாய் எப்ப அண்ணி வெடிச்சது?"

"எனக்குத் தெரியாது. நான் நித்திரை போல."

வான்மதி குரலை உயர்த்தவில்லை.

"இவர் ஆர் அண்ணை?"

"மார்கோ. நல்ல மனிசன்."

"இவற்ற பாட்டன் ஆர்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"கேக்கேல்லையோ? ஒரே சட்டியில சாப்பிடுறியள். எட்டுப் பேரோட ஒரே அறையில படுக்கிறியள், ஒரே குளியலறையில குளிக்கிறியள். ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ?"

"இது வேற, வான்மதி. இது பயணம்."

"ஓம். வழியில காணுறவன் எல்லாம் உங்களுக்கு மனிசன். என்ர அவர் மட்டும் சாதி."

ஒரு வார்த்தையும் விளங்காத மார்கோ, பையிலிருந்து வந்த வாசனையை மட்டும் விளங்கிக்கொண்டு புன்னகைத்தார். வான்மதி அவர் தட்டில் புட்டை வைத்து நண்டுக்கறியை ஊற்றினாள். அண்ணிக்கும் வைத்தாள். கமலநாதன் தம் தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

"உங்கட பங்கு வீட்டில இருக்கு. இதுவும் அதுவும் அவர் சமைச்சது. அவருக்கு முன்னால இருந்து சாப்பிடுறதெண்டால் இப்ப வாங்கோ. இல்லையெண்டால் இனி நான் கூப்பிடமாட்டன்."

"அவர் எங்க?"

"வெளியில காருக்குள்ள. உள்ள வாங்கோ எண்டனான். அண்ணைக்குச் சங்கடமாயிருக்குமெண்டு வரேல்லை."

திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல அவரிடம் ஆயிரம் இருந்தன; அழுதிருந்தால் தேற்றவும் தெரிந்திருக்கும். ஒதுக்கப்பட்டவர், ஒதுக்கியவரின் முகம் வாடக்கூடாதென்று குளிரில் காத்திருக்கிறார் என்று கேட்டதும் கமலநாதன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். இத்தனை காலமும் தம் குலத்தின் உயர்வு என்று எதைப் பொத்தி வைத்தாரோ, அது எவ்வளவு அற்பமான சரக்கு என்பது அந்தச் சமையலறை வெளிச்சத்தில் தெரிந்தது. தம்மைவிட உயர்ந்த மனிதர் ஒருவரைப் பதினான்கு ஆண்டுகளாகத் தாம் வாசலில் நிறுத்தியிருந்தார்.

வெளியே போடும் சப்பாத்தைத் தேடாமல், விடுதிக்குள் போடும் இரப்பர்ச் செருப்போடே படியிறங்கினார். பெண்கள் இருவரும் முந்திக்கொண்டு போய்க் காரின் பின்னிருக்கையில் அமர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது கணேசலிங்கத்துக்குப் பக்கத்து இருக்கை. அங்கே கிடந்த மாணவர் கொப்பிகளை அவசரமாக எடுத்துக் காலடியில் வைத்து, கணேசலிங்கம் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்கோ அண்ணை. பெல்ட்டைப் போடுங்கோ."

கமலநாதனுக்குப் பட்டியின் கொக்கி அகப்படவில்லை. கணேசலிங்கம் எட்டிப் பட்டியை இழுத்து மாட்டிவிட்டார். கார் நகர்ந்தது. மன்னிப்புக் கேட்கப் பொருத்தமான சொல்லைக் கமலநாதன் தேடினார். மேடைச் சொற்கள் வந்தன, மனிதச் சொல் வரவில்லை. பின்னாலிருந்த இருவரும் துணைக்கு வரவில்லை.

சிவப்புப் போக்குவரத்து விளக்கில் கார் நின்றபோது கணேசலிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் நண்டு சாப்பிடுவியள்தானே? வான்மதி ஓமெண்டுதான் சொன்னவ. எனக்குத்தான் நிச்சயமாத் தெரியேல்ல."

"சாப்பிடுவன் மச்சான்," என்றார் கமலநாதன், தலையை நிமிர்த்தாமலே.